பழையபடி

காக்கை எச்சம் பெயின்டைத் தின்றுவிடும், ஐயா. ஸ்டேஷன் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் நிற்கிறதே ஹெரால்டு கார், அதன் டிக்கி மூடியில் ஏழெட்டு இடத்தில் விழுந்து காய்ந்திருப்பதை உள்ளே வரும்போது பார்த்தேன். ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் வந்துவிடும். நகத்தால் சுரண்டக் கூடாது. வாக்குமூலம் எழுதச் சொன்னால் இதை எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். கண்ணில் பட்ட பழுதைச் சொல்லாமல் போக எனக்கு வராது. கூடப் பிறந்த குணம்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக ரைட்டர் ஐயா சொன்னார். நானே எழுதுகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன். பத்தாவது வரை படித்தவன். என் பெயர் சடையப்பன், வயது முப்பத்தாறு. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். மாசி மாதம் ஏரிக்கரைத் திருப்பத்தில் ராஜாராம் கார் கவிழ்ந்ததே, அதைப் பற்றி உங்கள் பைலில் எழுதியிருப்பதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை.

ராஜாராமும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர் திருப்புலிவனத்தில் நாற்பது காணி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. நான் அவர்கள் வீட்டு டிராக்டரைக் கழற்றி மாட்டிக் கை பழகியவன். பிறகு மெட்ராஸ் புதுப்பேட்டையில் ஆறு வருஷம் இருந்து தொழில் படித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். தனியாக இருந்தால் எங்களுக்குள் வா, போ. அவர் ஆட்கள் எதிரில் வாங்க, போங்க. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இப்போது 'அவர்' என்று எழுதுவது செத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை.

எண்பதாம் வருஷம் மெட்ராஸில் ஒரு டாக்டரிடமிருந்து அவர் அந்த ஹெரால்டு காரை வாங்கினார். அதே வருஷம் என்னைச் சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்கக் கூட்டிப் போனார். அங்கே வந்திருந்த வண்டிகளில் பாதி நம் ஊர்ச் சாலையில் ஓடுகிற பியட்டும் ஹெரால்டும்தான். ஆனால் உடம்பை இளைக்க வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, மூச்சை மாற்றியிருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டியதும் அவர் கேட்டார்.

"நம்ம வண்டிய அது மாரி பண்ண முடியுமா சடையா?"

முடியும் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு என் ஆயுசில் நாலு வருஷம் போயிற்று. எனக்கு வாய்த்தவற்றில் நல்ல வருஷங்கள் அவைதான்.

ஹெரால்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற கார்களில் உடம்பும் எலும்பும் ஒன்றாக இருக்கும். இதில் அடியில் சேஸிஸ் தனி, மேலே பாடி தனி. பானெட் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். கூரையை நட்டு கழற்றித் தூக்கிவிடலாம். செய்கிறவன் மனசுக்கு இணங்கிப் போகிற வண்டி. கூரையைக் கழற்றினேன். பின் சீட்டைக் கழற்றினேன். முன்னால் உடம்பை அணைத்துப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கெட் சீட் வைத்தேன். இரட்டை கார்புரேட்டர் புதுப்பேட்டையில் கிடைத்தது. சைலன்சர் குழாயை நானே வளைத்தேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் காஞ்சிபுரத்தில் கொடுத்துச் சீவி வாங்கினேன். ஹெட்டைச் சீவினால் எஞ்சினுக்கு அழுத்தம் ஏறும், வண்டிக்குக் கோபம் வரும்.

பானெட்தான் பெரிய வேலை. இரும்பு பானெட் கனம், பைபர் கிளாஸில் செய்ய வேண்டும். அதற்கு அச்சு வேண்டுமே. தேருக்கும் சப்பரத்துக்கும் பொம்மை செய்கிறவர்கள் ஏரி வண்டலைக் குழைத்து உருவம் பிடிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி உத்திரமேரூர் ஏரியிலிருந்து வண்டல் அடித்து, வைக்கோல் கலந்து மிதித்து, கொட்டகைக்குள்ளேயே மண்ணால் ஒரு பானெட் பிடித்தேன். நெற்றி தாழ்ந்து, சக்கரத்துக்கு மேல் இரண்டு பக்கமும் புடைத்து இருக்கும். காயக் காய வெடித்தது. வெடித்த இடத்தில் மறுபடி மண் வைத்துத் தேய்த்தேன். மெழுகு தடவி, அதன்மேல் பைபர் துணியும் பசையும் ஏற்றினேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அந்தப் பசை நாற்றத்துக்கு என் வீட்டுக்காரி செங்கேணி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. "பெத்த புள்ளய இப்படித் தடவிக்கினு இருந்தாலும் ஒரு அர்த்தம் கீது" என்று ஒருநாள் சொன்னாள். சொன்னவள் அப்புறம் அழுதாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை.

எனக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எந்த வண்டியிலிருந்து எந்தச் சாமானைக் கழற்றினாலும் தூக்கிப் போட மாட்டேன். ஒரு அட்டைத் துண்டில் என்ன சாமான், எப்போது கழற்றியது, ஏன் கழற்றியது என்று எழுதி, கம்பியில் கோத்து, சாமானோடு கட்டி விட்டத்தில் தொங்கவிடுவேன். என் கொட்டகைக்கு வருகிறவர்கள் கறிக்கடை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார்கள். ஹெரால்டின் பழைய உடம்பு முழுக்க அந்த நாலு வருஷமும் அங்கேதான் தொங்கியது.

அதற்கு நடுவில் ராஜாராமுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ராணியம்மாள், தாமல் பக்கம். ஒற்றைப் பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் கிடையாது. முதல் நாளிலிருந்தே என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டது. இரண்டு குடும்பத்துக்கும் முறை சொல்லிக்கொள்ளத் தடையில்லாததால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் கைகழுவத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும். நல்ல பெண். இதை நான் யாருக்காகவும் எழுதவில்லை.

எண்பத்து நாலு மாசியில் வண்டியைச் சோழவரத்துக்குக் கொண்டுபோனோம். ராஜாராம் ஓட்டினார். பதினாலு வண்டியில் ஒன்பதாவதாக வந்தார். வண்டி ஒன்பதாவது வண்டி இல்லை, ஐயா. ஓட்டியவர் ஒன்பதாவது. வளைவுக்கு நூறடி முன்பே காலை எடுத்துவிடுவார். நான் வேலிக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அடுத்த வருசம் நீதான் ஓட்டுற. இது உன் வண்டிடா."

சந்தோஷத்தில் சொன்ன வார்த்தை என்று நீங்கள் சொல்வீர்கள். எங்கள் ஊரில் வாய் வார்த்தையாகத்தான் நிலம் குத்தகைக்கு விடுகிறார்கள், வாய் வார்த்தையாகத்தான் பெண் நிச்சயம் செய்கிறார்கள். யாரும் அதைச் சந்தோஷத்தில் சொன்னது என்று சொல்லித் தள்ளுவதில்லை. அன்றிலிருந்து அது என் வண்டி. நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. ஆவணியில் ராஜாராம் கொட்டகைக்கு வந்தார். உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். பிறகு, எல்லாவற்றையும் கழற்றிவிடு, பழையபடி பண்ணிக் கொடு என்றார். கூரை வேண்டும், பின் சீட்டு வேண்டும், சத்தம் குறைய வேண்டும், குழந்தை தூக்கத்தில் அலறுகிறது என்றார். நான் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் தட்டினார்.

"வெளையாடினது போதும் சடையா. குடும்பஸ்தன் ஆயிட்டேன். ஒண்ணு விடாம பழையபடி மாத்திடு. புது சாமானெல்லாம் நீயே வெச்சிக்கோ."

நாலு வருஷத்தை அவர் விளையாட்டு என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபக்காரன் என்று என்னைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், விசாரித்துப் பார்க்கலாம். சரி என்றேன். அவர் மனசு விட்டுத்தான் புது சாமான்களை எனக்குக் கொடுத்தார். கையும் காலும் வெட்டி, நீயே வைத்துக்கொள் என்று என் மடியில் போட்ட மாதிரி இருந்தது. அதையும் அவர் உணர்ந்திருக்க மாட்டார்.

இருபது நாளில் மாற்றினேன். பைபர் பானெட்டை விட்டத்தில் ஏற்றிவிட்டு இரும்பு பானெட்டை இறக்கினேன். கூரையைப் போட்டேன், ஒரு சொட்டு ஒழுகாது. பழைய கார்புரேட்டர், பழைய சைலன்சர், பழைய சீட்டு. ஹெட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சீவின இரும்பை ஒட்டவைக்க யாராலும் முடியாது. அதனால் எஞ்சின் பாதிக்கு மேல் பந்தய எஞ்சினாகவே இருந்தது. வேஷ்டி கட்டிவிட்டாலும் உள்ளே இருப்பவன் அவனேதான்.

இனி எழுதப் போவதைத்தான் உங்கள் பைலில் சேர்க்க வேண்டும்.

ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் செங்குத்தாக ஒரு இரும்புத் தண்டு தாங்கி நிற்கிறது. அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தப் பித்தளைக்குள் சுழல வேண்டும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் கீழ்மரை வரை இறங்காது. தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும். ஒருநாள் தண்டு மரை ஓரத்தில் முறியும், சக்கரம் உள்ளே மடங்கும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். மெட்ராஸ் டாக்டரின் ஆட்கள் பல வருஷம் கிரீஸ்தான் அடித்திருந்தார்கள். பந்தயத்துக்கு முன்னால் கழற்றிப் பார்த்தபோது வலது பக்கத் தண்டின் மரை துருவில் அரித்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் புதுத் தண்டு வாங்கி மாட்டினேன். பழையதை வழக்கம்போல் தொங்கவிட்டேன்.

ஒன்று விடாமல் பழையபடி என்று அவர் சொன்னார். பழைய தண்டையும் மாட்டினேன்.

அதோடு கட்டியிருந்த அட்டையை இந்தத் தாளுடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான். 'வலது முன் தண்டு. மரை அரிப்பு. மறுபடி மாட்டக் கூடாது.' படித்துவிட்டுத்தான் கம்பியை அவிழ்த்தேன்.

ஆளைக் கொல்ல மாட்டினேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்தத் தண்டுகள் பெரும்பாலும் மெதுவாகப் போகும்போதுதான் முறியும். வீட்டு வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது, களத்தில் வண்டியைத் திருப்பும்போது. அப்படித்தான் நடக்கும் என்று கணக்குப் போட்டேன். சக்கரம் மடங்கி வண்டி வாசலில் உட்கார்ந்துவிடும். அவர் கொட்டகைக்கு வருவார். பழசு சரிப்படாது சடையா, புதுசையே மாட்டு என்பார். தண்டில் ஆரம்பித்தால் கார்புரேட்டருக்கு வரலாம், பானெட்டுக்கு வரலாம். மாசிப் பந்தயத்துக்குள் நடந்தால் போதும். அவருக்குப் புத்தி வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

மாதாமாதம் வண்டி என்னிடம் வந்தது. எஞ்சின் ஆயில் மாற்றினேன், பிரேக் பார்த்தேன், காற்று பிடித்தேன், கண்ணாடி துடைத்தேன். வலது பித்தளைக் கட்டைக்கு மட்டும் ஆயில் விடவில்லை. இடது பக்கத்துக்கு விட்டேன். ஆறு மாதமும் நான் செய்த தப்பு என்று பார்த்தால் அந்த இரண்டு சொட்டு எண்ணெய்தான்.

தை கடைசியில் ராணியம்மாள் சொல்லியனுப்பி என்னை வரவழைத்தது. குழந்தைக்குத் திருமுக்கூடல் பெருமாள் கோவிலில் முடியிறக்கிக் காது குத்த நாள் பார்த்திருக்கிறார்களாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் இல்லாத பிள்ளைக்கு முறைக்கு யாரையாவது உட்கார வைப்பார்கள். ராஜாராமின் உறவில் ஆட்கள் இருந்தார்கள். அது என்னைக் கேட்டது.

"எனுக்குக் கூடப் பொறந்தவங்க இல்லன்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதாண்ணா புள்ளைக்கு மாமனா குந்தணும்."

இதுவரை என்னை யாரும் ஒரு சபையில் உட்காரச் சொன்னதில்லை. காஞ்சிபுரம் போய்க் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எடுத்தேன். செங்கேணி தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்து, இதையே உருக்கித் தோடு பண்ணு என்றாள். பத்தர் கடுகு மாதிரி இரண்டு தோடு செய்து கொடுத்தார். அந்தக் குழந்தையை எனக்குப் பிடிக்கும். என் மீசையைப் பிடித்து இழுக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ராஜாராம் வண்டியைக் கொண்டுவந்தார். நாளைக்குக் குழந்தையோடு போகிறோம், ஒரு தடவை பார்த்துவிடு என்றார். ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைக் கழற்றினேன். பித்தளைக்கு மேலே, தண்டில், தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அழுக்காக இருக்கும் என்று துடைத்தேன். கோடு போகவில்லை. நகத்தால் தடவினேன், நகம் மாட்டியது. இனி அது வாசல் வரை தாங்குமா, வாரம் தாங்குமா என்று சொல்ல முடியாது. புதுத் தண்டு நான் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் நியூஸ் பேப்பரில் சுற்றி இருந்தது. மாற்ற ஒரு மணி நேரம் போதும்.

மாற்றத்தான் நினைத்தேன். எழுந்து பெட்டியின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். மறுநாள் சோழவரத்தில் பந்தயம். பேப்பரில் போட்டிருந்தது, அந்தப் பேப்பர் கொட்டகையிலேயே கிடந்தது. ராஜாராம் அதன் மேல்தான் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு கேள்வி கேட்டேன்.

"நாளைக்கு இன்னா நாளுன்னு நெனப்பு கீதா?"

"அது இல்லாமியா? புள்ளைக்குக் காது குத்துற நாளு. மாமன் நீயே கேக்குறியே" என்று சிரித்தார்.

சோழவரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'இந்த வருசம் முடியல சடையா' என்று சொல்லியிருந்தாலும் போதும். அவருக்கு ஞாபகமே இல்லை. மறந்தது மாதிரி நடிக்கவும் இல்லை, உண்மையாகவே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. பெட்டியை மூடினேன். சக்கரத்தை மாட்டி, நாலு நட்டையும் சரியாக முடுக்கினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அப்போது அந்தக் குழந்தையும் வண்டியில் வரும் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று யாராவது எனக்குச் சாதகமாக எழுதினால் அடித்துவிடுங்கள்.

வேலை முடிந்த வண்டியில் முதல் தடவை உரிமையாளரோடு நானும் ஏறி ஒரு சுற்று போய்வருவது என் வழக்கம். வண்டி சரியாக இருக்கிறது என்பதற்கு என் உடம்புதான் ஜாமீன். அன்று ஏறவில்லை. மறுநாள் கோவிலுக்கு வண்டியிலேயே கூட வரச் சொன்னார்கள். மாமன் சீர்த்தட்டோடு முன்னால் போய்க் காத்திருந்து வரவேற்பதுதான் முறை என்றேன். ராணியம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முறை தெரிந்த மனுஷன் என்று மாமியாரிடம் சொன்னதாம்.

காலை முதல் பஸ்ஸில் போனேன். செங்கேணிக்குக் காய்ச்சல், வரவில்லை. திருமுக்கூடலில் பாலாற்றில் மணல்தான் இருந்தது. ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டு குளித்தேன். கோவில் வாசலில் சீர்த்தட்டைப் பரப்பினேன். பாவாடை, பழம், வெல்லம், பூ, தோடு. முடியிறக்குகிறவரும் காது குத்துகிற பத்தரும் வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். எட்டே முக்காலுக்குப் பத்தர் எழுந்து எழுந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் உட்காருங்கள், அவர்கள் வர நேரமாகும் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

ஒன்பதரைக்குச் சைக்கிளில் ஒருவர் வந்து, உத்திரமேரூர்க் கார் ஏரிக்கரைத் திருப்பத்தில் உருண்டுவிட்டது, அதற்காகக் காத்திருப்பவர்கள் யார் என்று கேட்டார். நான் எழுந்தேன். "சேஸிஸ் வளைஞ்சிடுச்சா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஆட்களைப் பற்றிக் கேட்டேன். அதிர்ச்சியில் வாய் தவறியிருக்கும்.

அங்கே போனபோது ராஜாராம் முடிந்துவிட்டார். அவர் எப்போதும் வளைவுக்கு முன்பே காலை எடுப்பவர். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று அன்று எடுக்கவில்லை போலிருக்கிறது. ராணியம்மாளுக்கு இடுப்பும் காலும் உடைந்திருந்தன. குழந்தை என் கையில்தான் இருந்தது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரைக்கும். மாமன் மடி என்று பார்த்தால் அதற்கு அது கிடைத்தது. வாசலில் இறங்கும்போது உயிர் போய்விட்டது. பெயர் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது, நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் தண்டைப் பார்த்தேன். நான் நகம் வைத்த இடத்திலேயே முறிந்திருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு நூல்கூடத் தள்ளவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, மோதியதில் தண்டு முறிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது. முறிந்ததால் மோதியது என்று சொல்ல அந்த வண்டியைத் தெரிந்திருக்க வேண்டும். ராணியம்மாளும் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே யார் மேலும் குற்றமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. நீங்களும் பைலை மூடினீர்கள். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

பதினாறாம் நாள் கருமாதி. கட்டுப் போட்ட காலோடு ராணியம்மாளைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். தாலி இறக்கினவளுக்குப் பிறந்த வீட்டார் கோடித்துணி போட வேண்டும். கூடப் பிறந்தவன் யார் என்று கேட்டார்கள். அது என் பக்கம் பார்த்தது. காது குத்த மாமனாக வந்தவன் கோடி போடவும் வரத்தானே வேண்டும். புடவையை எடுத்துத் தோளில் போர்த்தினேன். அது என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு நீங்க ஒருத்தர்தான் என்று அழுதது. நானும் அழுதேன், ஐயா. அது பொய் அழுகை இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் செங்கேணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்பயும் வேல முடிஞ்சா வண்டியில ஏறி ஒரு ரவுண்டு போவியே. அன்னிக்கி ஏன் போவல?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். காலையில் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மூக்கில் அந்த ஓட்டை வெறுமையாக இருந்தது. அவள் திரும்பி வர மாட்டாள். நானும் போய்க் கூப்பிடவில்லை.

இதற்கெல்லாம் பிறகும் நான் உங்களிடம் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒளிக்க வேண்டும் என்று இல்லை. யாரும் கேட்கவில்லை. வந்து சொன்னால் செத்தவர்கள் வரப் போவதில்லை, ராணியம்மாளுக்கு இருக்கிற ஒரு அண்ணனும் போய்விடுவான். அதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ராணியம்மாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது. திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து வண்டியை விடுவிக்கப் போகிறார்களாம். வண்டி வேண்டாம், வாசலுக்கே வரக் கூடாது என்றது. நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அது சொல்லிவிட்டது.

"அத்த ஆருக்கும் குடுக்காதீங்கண்ணா. நீங்களே கயட்டி, துண்டு துண்டா அறுத்துப் போட்டுடுங்க. என் புள்ளய முழுங்கினது. வேற ஆரும் வாணாம், உங்க கையாலயே."

சரிம்மா என்றேன். கோடி போட்டவன் அதற்கு வேறு என்ன சொல்ல முடியும். வீட்டுக்கு வந்து ரம்பத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். என்னால் ஆகவில்லை. நாலு வருஷம் தடவின கை. விடிய விடிய யோசித்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன். உண்மை அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்று பைலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே, ராஜாராமையும் அந்தக் குழந்தையையும் கொன்றது நான்தான். மாட்டக் கூடாத தண்டு என்று என் கையால் எழுதிவைத்ததை நானே மாட்டினேன். ஆயில் விடாமல் இருந்தேன். விரிசலைக் கண்ணால் பார்த்த பிறகு, குழந்தை வரும் என்று தெரிந்தே, சக்கரத்தை மாட்டி அனுப்பினேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. கோர்ட்டில் எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன்.

கொலைக் கேஸ் என்று ஆகிவிட்டால் வண்டி சாட்சிப் பொருள் ஆகிவிடும், கேஸ் முடிகிற வரைக்கும் அதை அறுக்கவோ உடைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்று நேற்று கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவர் சொன்னார். அப்பீல் அது இது என்று பத்து வருஷம்கூட ஆகுமாம். அது சரிதானே, ஐயா? பானெட் நசுங்கியிருக்கிறது, அது பழைய பானெட், போனால் போகட்டும். இந்த ஸ்டேஷன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சேஸிஸ் நேராகத்தான் நிற்கிறது. என் கொட்டகையில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய் மடித்து வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் யாரையாவது அனுப்பி எடுத்துவந்து போர்த்திவிடுங்கள்.